பம்பிள்பீ கோபிக்கு உப்பு வேண்டுமா?

மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் தகராறில் முடியும் விஷயங்கள் சில உண்டு. பம்பிள்பீ கோபிக்கு உப்பு போட வேண்டுமா வேண்டாமா என்பது அதில் ஒன்று. "அது உவர்நீர் மீன், உப்பு இல்லாவிட்டால் ஒரு மாதம்கூடத் தாங்காது" என்பார் ஒருவர். "நான் வருஷக்கணக்கில் நல்ல தண்ணீரில்தான் வைத்திருக்கிறேன், குண்டு குண்டாக இருக்கின்றன" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் சத்தியமாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு இந்த மீன்மேல் கிறுக்குப் பிடித்ததே இதனால்தான். இரண்டு எதிரெதிர் சாட்சிகளும் உண்மையென்றால், கேள்வியில்தானே கோளாறு இருக்க வேண்டும்?

என் வேலையும் ஒரு காரணம். மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை யார் ரத்தத்தில் எவ்வளவு சோடியம், எவ்வளவு குளோரைடு என்று பார்ப்பதுதான் பிழைப்பு. "கொஞ்சம் உப்பு போடுங்க" என்று யாராவது சொன்னால் எந்த உப்பு, லிட்டருக்கு எத்தனை கிராம் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. இந்தப் பழக்கத்தால் சில நட்புகள் கொஞ்சம் கசந்திருக்கின்றன.

சரி, முதலில் மீனைப் பார்த்துவிடலாம். இரண்டு, கூடிப்போனால் இரண்டரை சென்டிமீட்டர். மஞ்சள் உடம்பைச் சுற்றி மூன்று நான்கு அகலமான கறுப்புப் பட்டைகள். உடம்பு உருளை, தலை பெரிது, வாய் மேல்நோக்கிச் சரிந்திருக்கும், முதுகில் இரண்டு துடுப்புகள். ஆற்றில் பிடிபடும் உளுவையைப் பார்த்தவர்களுக்கு இதன் முகத்தைக் கண்டதும் சொந்தக்காரர் என்று தெரிந்துவிடும். அதே கோபிக் கூட்டம்தான், அளவு மட்டும்தான் வேறு.

கோபிகளை மற்ற மீன்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது வயிற்றுப்புறத் துடுப்புகள். பெரும்பாலான மீன்களுக்கு இவை இடமும் வலமுமாகத் தனித்தனியாக இருக்கும். கோபிகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டும் ஒட்டி ஒரே கிண்ணமாகியிருக்கும். பம்பிள்பீ கோபி தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். கிண்ணத்தின் விளிம்பு கண்ணாடியோடு படிந்திருக்கும். நடுவில் துடுப்பு முட்கள் விசிறி மாதிரி விரிந்திருப்பதும், அவற்றுக்கிடையே சவ்வு மூச்சுக்கு ஏற்ப லேசாக இழுபடுவதும் தெரியும். மீன் கிளம்ப நினைத்தால் முதலில் விளிம்பின் ஒரு ஓரம் தளரும், அப்புறம் வால் ஒரே ஒரு வெட்டு வெட்டும், அவ்வளவுதான், ஆள் அந்த இடத்தில் இருக்காது. ஓதத்தில், அதாவது கடல் ஏறி இறங்கும்போது, தண்ணீர் இழுக்கும் இடத்தில் வேரோடும் இலையோடும் ஒட்டி நிற்க இந்தக் கிண்ணம் எவ்வளவு உதவும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. நிறைய மீன்களுக்குச் செவுளிலிருந்து வால்வரை பக்கவாட்டில் ஒரு கோடு ஓடும், தண்ணீரின் அசைவை உணர்வதற்கு. கோபிகளின் உடம்பில் அந்தக் கோடு கிடையாது. பதிலுக்குத் தலையிலும் கன்னத்திலும் வரிசை வரிசையாக மிகச் சிறிய உணர்மொட்டுகள். கோபி நிபுணர்கள் இனம் பிரிப்பதற்கு நுண்ணோக்கியின் கீழ் இந்த வரிசைகள் எப்படி ஓடுகின்றன என்று பார்க்கிறார்கள். பொறுமையான ஆட்கள்.

இனி இந்த உப்பு வழக்கின் மூலத்துக்கு வருவோம். "பம்பிள்பீ கோபி" என்று ஒரு மீன் கிடையாது. பிராக்கிகோபியஸ் என்ற பேரினத்தில் ஒரே மாதிரி மஞ்சள் கறுப்புச் சட்டை போட்ட பல இனங்கள் இருக்கின்றன. இந்த வகையில் முதலில் பெயர் பெற்றது நூனஸ். 1822ல் கங்கை மீன்களை விவரித்த பிரான்சிஸ் ஹாமில்டன் வைத்தது. அப்புறம் 1849ல் பீட்டர் பிளீக்கர் சாந்தோசோனஸை விவரித்தார். பிளீக்கர் டச்சு ராணுவ மருத்துவர். பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், மருத்துவ வேலைக்கு நடுவே சந்தைகளிலும் மீனவர்களிடமும் மீன்களைச் சேகரித்து எழுதித் தள்ளியவர். 1868ல் ஆல்பர்ட் குந்தர் போர்னியோவின் சரவாக்கிலிருந்து வந்த மீனுக்கு டோரியே என்று பெயர் வைத்தார். அங்கே போய்ச் சேகரித்து வந்த இத்தாலியர் ஜாக்கோமோ டோரியாவின் நினைவாக. 1937ல் ஆல்பர்ட் ஹெர்ரே மலாய் தீபகற்பத்து சாந்தோமெலாஸ். 1958ல் ராபர்ட் இங்கர் போர்னியோவின் வடக்கிலிருந்து சபானஸும் கபிலியென்சிஸும். 2000ல் ஹெலன் லார்சனும் சவாலித் வித்தயானோனும் சேர்ந்து மேகாங் ஆற்று மெகோங்கென்சிஸ். 178 வருஷமாகப் பெயர் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், ஆனால் விற்பனைப் பட்டியலில் பெரும்பாலும் ஒரே பெயர்தான் இருக்கும்: சாந்தோசோனஸ்.

வேடிக்கை என்னவென்றால், மீன்தொட்டி வியாபாரத்தில் மிக அரிதாக வருவது அந்த சாந்தோசோனஸ்தான். வருவது பெரும்பாலும் டோரியே, சில சமயம் சபானஸ். பிரிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. பக்கவாட்டில் செதில்களை எண்ண வேண்டும். சாந்தோசோனஸுக்கு ஐம்பது அளவில் வரும். மற்ற இரண்டுக்கும் கிட்டத்தட்ட அதில் பாதிதான். இரண்டு சென்டிமீட்டர் மீனில் செதில் எண்ணுவதா என்று சிரிக்காதீர்கள். மேக்ரோ லென்ஸில் பளிச்சென்று ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால், கறுப்புப் பட்டைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் செதில் ஓரங்கள் தெரியும். ஐம்பதா முப்பதுக்குள்ளா என்று சொல்ல அது போதும்.

இந்த இனங்கள் எல்லாம் ஒரே மாதிரி தண்ணீரில் இருந்திருந்தால் பெயர் மாறினால் என்ன குடி முழுகிவிடும்? இருப்பது அப்படியில்லை.

சாந்தோசோனஸ், டோரியே, நூனஸ் போன்றவற்றின் இருப்பிடத்தில் ஆற்றின் கடைசிப் பகுதி முக்கியமானது. நல்ல தண்ணீரில் தொடங்கி உப்பங்கழி வரை இவை கிடைக்கும். தென்கிழக்காசியக் கழிமுகங்களில் ஒரு பக்கம் அலையாத்திக் காடு, அதற்குக் கொஞ்சம் மேலே உப்புக் குறையக் குறைய நிப்பா பனைக் கூட்டம். தரை முழுக்கச் சேறு, அதன்மேல் அழுகும் இலைகள், நடுவே வளைந்து இறங்கும் தாங்குவேர்கள், சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள். வெயில் நேரத்தில் தண்ணீர் சூடேறும், ராத்திரி பிராணவாயு குறையும், மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் உப்பு இறங்கும். ஓதம் ஏறினால் மறுபடி ஏறும். உலகத்துக் கடற்கரைகள் பலவற்றில் இது ஒரு நாளைக்கு இரண்டு முறை நடக்கும். தாய்லாந்து வளைகுடாவின் பெரும்பகுதியில் ஒரு முறைதான்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, உப்பு வழக்கில் வாதாடுபவர்கள் இதை அதிகம் பேசிப் பார்த்ததில்லை. கடல்நீர் நல்ல தண்ணீரைவிடக் கனம், அடர்த்தி 1.025 அளவில். அதனால் ஆறு கடலைச் சந்திக்கும் இடத்தில் கடல்நீர் அடியில் ஆப்பு மாதிரி உள்ளே நுழைகிறது, ஆற்று நீர் அதன் மேலே வழுக்கிக்கொண்டு வெளியே போகிறது. ஓதம் பலமாக அடிக்கும் கழிமுகங்களில் இரண்டும் நன்றாகக் கலந்துவிடும். ஓதம் மெலிந்து ஆறு வேகமாக வரும் இடங்களில் இந்த அடுக்கு ஆற்றுக்குள் பல கிலோமீட்டர் வரைகூடப் போகும். அங்கே படகிலிருந்து கையால் ஒரு வாய் அள்ளிக் குடித்தால் நல்ல தண்ணீர். அதே இடத்தில் அடித்தரையில் இருக்கும் இரண்டு சென்டிமீட்டர் மீனுக்கு உப்புத் தண்ணீர். மேலே ஒரு பாட்டில் மொண்டு "இங்கே நல்ல தண்ணீர்தான்" என்று எழுதினால் அது படகில் இருப்பவருக்குத்தான் பொருந்தும். அடிவாழ் மீன்களைப் பற்றி "எந்தத் தண்ணீரில் பிடித்தது" என்று படிக்கும்போதெல்லாம், எந்த ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்தார்கள் என்று நான் தேடுவேன். பெரும்பாலும் எழுதியிருக்காது.

மறுபக்கம் மெகோங்கென்சிஸ். இது ஆற்று மீன், உப்போடு சம்பந்தமே கிடையாது. சாந்தோமெலாஸ் இன்னும் ஒரு படி மேல். மலாய் தீபகற்பத்தின் தெற்கே, ஜொகூர் பக்கத்துக் காட்டுத் தண்ணீரில் இருப்பது. அந்தப் பகுதியின் கரிச்சதுப்புக் காடுகளில் மரமும் இலையும் முழுக்க மக்காமல் தரையில் சேர்ந்துகொண்டே போகும். அதன் வழியாக ஊறி வரும் தண்ணீர் பழுப்பாக இருக்கும், பிஎச் 4 சுற்றி, சில இடங்களில் அதற்கும் கீழே. கரைந்த தாது உப்புகள் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி. அங்கே எலக்ட்ரோலைட் டெஸ்ட் செய்யச் சொன்னால் மெஷின் பழுதாகிவிட்டதோ என்றுதான் நான் நினைப்பேன்.

ஆக ஒரே சட்டை போட்ட சொந்தக்காரர்களில் ஒருவர் கடல் வாசலில் இருக்கிறார், இன்னொருவர் வடித்த தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறார். "பம்பிள்பீ கோபிக்கு உப்பு வேண்டுமா" என்று கேட்டால் யாரைச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பதுதான் முறை.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி, உடம்புக்குள் நடப்பது. நம் ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135லிருந்து 145 மில்லிமோல் வரை. கடல்நீரில் சுமார் 470. மீனின் ரத்தமும் நம்முடையதற்கு வெகு தூரத்தில் இல்லை. எலும்புள்ள மீன்கள், கடலில் இருந்தாலும் ஆற்றில் இருந்தாலும், உள்ளே ஏறக்குறைய கடலின் மூன்றில் ஒரு பங்கு உப்பைத்தான் வைத்துக்கொள்கின்றன. அதாவது வெளியே என்ன இருந்தாலும் உள்ளே அந்த எண் ஆடக் கூடாது.

நல்ல தண்ணீரில் இருக்கும் மீனுக்கு வெளித்தண்ணீர் செவுள் வழியாக உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், உள்ளே இருக்கும் உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அது தண்ணீர் குடிப்பதேயில்லை என்று சொல்லிவிடலாம். சிறுநீரகம் நீர்த்த சிறுநீராக அதிகத் தண்ணீரை வெளியே தள்ளும். செவுளில் அயனிகளுக்கென்றே இருக்கும் செல்கள் வெளியிலிருந்து சோடியத்தையும் குளோரைடையும் பொறுக்கி உள்ளே இழுக்கும். கடலில் எல்லாம் தலைகீழ். தண்ணீர் உடம்பிலிருந்து வெளியே போகும், மீன் கடல்நீரைக் குடித்து ஈடுகட்டும், அதோடு வந்த சோடியத்தையும் குளோரைடையும் செவுளில் இருக்கும் அதே வகைச் செல்கள் வெளியே தள்ளும். மக்னீசியமும் சல்பேட்டும் சிறுநீரகம் வழியாகப் போகும். ஒரே வாசலில் உள்ளே இழுக்கும் வேலையிலிருந்து வெளியே தள்ளும் வேலைக்கு ஆள் மாற வேண்டும். இதில் புரோலாக்டின் நல்ல தண்ணீர் வேலைக்கும், கார்ட்டிசோல் கடல் வேலைக்கும் கட்டளை கொடுக்கும் ஹார்மோன்களில் முக்கியமானவை. நம் லேபில் வேறு காரணங்களுக்காக நாங்கள் அளக்கும் அதே இரண்டு பெயர்கள்.

ஆற்றிலேயே பிறந்து சாகும் மீன்கள் நிறையவற்றுக்கு இந்த ஷிஃப்ட் மாற்றம் வராது. கடல் மீன்கள் பலவற்றுக்கும் வராது. கழிமுகத்துக் கோபிகளுக்கு இது அன்றாட வேலை. இதற்கு ஆற்றல் செலவாகும். வெளித்தண்ணீரில் உப்பு லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் இருந்தால் உள்ளும் புறமும் ஏறக்குறைய சமன், செவுளுக்கு வேலை மிகக் குறைவு. அரை உப்புத் தண்ணீரில் மீன் தெம்பாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். ஆனால் "தெம்பாக இருக்கிறது, அதனால் அதுதான் அதன் ஊர்" என்று முடிவு கட்டிவிட முடியாது. நல்ல தண்ணீர் மீன்கள் பலவற்றைக் கூட்ஸில் ஏற்றி இறக்கியபின் லேசான உப்பில் வைப்பது இதே சமாதானத்தில்தான்.

இரண்டாவது விஷயம் கால்சியம். இதை நான் அடிக்கடி சொல்லிச் சலித்துவிட்டேன், இருந்தாலும் சொல்கிறேன். செவுளின் செல்களுக்கு நடுவே இருக்கும் இணைப்புகளை இறுக்கி வைத்து உப்புக் கசிவைக் குறைப்பது கால்சியம். நல்ல கடினத்தன்மை உள்ள தண்ணீரில் நல்ல தண்ணீர் மீனுக்கும் உப்பைப் பிடித்துவைக்கச் செலவு குறைகிறது. மரைன் சால்ட்டில், அதாவது தொட்டியில் கடல்நீர் செய்ய விற்கும் உப்பில், சோடியம் குளோரைடு மட்டும் இல்லை. லிட்டருக்கு 5 கிராம் கரைத்தால் கடலின் ஏழில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் கால்சியம் 60 மில்லிகிராமுக்குப் பக்கம், மக்னீசியம் 180 மில்லிகிராமுக்குப் பக்கம், கூடவே பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டும் வந்துவிடும். சமையல் உப்பில் இதெல்லாம் வராது. ஆக மென்மையான, அமிலம் ஏறிய தண்ணீரில் வாடிக் கிடந்த டோரியே, மரைன் சால்ட் போட்டதும் நிமிர்ந்தால் அதற்குக் காரணம் சோடியமா கால்சியமா என்று எப்படிச் சொல்வது? நல்ல தண்ணீரில் வருஷக்கணக்கில் வைத்திருப்பவர்களிடம் டெஸ்ட் கிட் கொடுத்துப் பார்த்தால், கடினத்தன்மை பெரும்பாலும் அதிகமாகத்தான் வருகிறது. என் அனுபவத்தில் இந்த வழக்கின் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

கரிச்சதுப்பில் கால்சியமும் இல்லை, அமிலம் வேறு சோடியம் உள்ளே வருவதைத் தடுக்கும். அப்படியிருந்தும் அங்கே மீன்கள் இருக்கின்றன. அமேசானின் ரியோ நீக்ரோவை வைத்துச் செய்த ஆய்வுகளில், தண்ணீரைப் பழுப்பாக்கும் அந்தக் கரிமப் பொருட்களே செவுளின் உப்புக் கசிவைக் குறைக்க உதவுவதாகத் தெரிந்தது. அந்த மீன்கள் வேறு, ஆறு வேறு. ஆனாலும் பழுப்பைச் சுத்தமாக வடிகட்டிவிட்டு பிஎச்சை மட்டும் இறக்குவது நல்ல யோசனையில்லை என்று எனக்கு அதிலிருந்து தோன்றியது.

சாப்பாட்டுக்கு வருவோம். உப்பைவிட இந்த மீன்களை அதிகம் கொல்வது பட்டினி என்பது என் கணிப்பு. துகள் உணவை இவை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அசைய வேண்டும். ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறாலின் குஞ்சு, டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு, கிரிண்டல் புழு, நறுக்கிய ரத்தப்புழு, அவ்வளவுதான் பட்டியல். ரத்தப்புழுவை உறைந்ததாகப் போட்டால், அது விழும்போது அசைகிற வரைக்கும் உணவு. தரையைத் தொட்டுவிட்டால் குப்பை.

பக்கத்திலிருந்து ஒரு வேளை சாப்பாட்டைப் பார்த்தால் ஏன் பட்டினி கிடக்கின்றன என்று புரியும். ஆர்ட்டீமியாவைச் சொட்டுக்குழாயில் விடுகிறேன். இலைக்கடியில் இருக்கும் ஆண் முதலில் கண்ணை மட்டும் திருப்பும். ஒரு கண் ஆர்ட்டீமியா மேகத்தில், இன்னொரு கண் பக்கத்து இலையிலிருக்கும் அடுத்த ஆண் மேல். அப்புறம் இலையிலிருந்து எழும்பி, தலை சற்று மேலே, வால் சற்றுக் கீழே, மார்புத் துடுப்புகள் அடித்துக்கொள்ள, ஹெலிகாப்டர் மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். நூறு குஞ்சுகள் மூக்குக்கு முன்னால் மிதந்தாலும் ஒன்றைத்தான் பார்க்கும். பார்த்துக்கொண்டே இருக்கும். பொறுமை இழந்து நான் எழுந்து போகலாமா என்று நினைக்கும்போது வாய் திறந்து மூடும். மூன்றில் ஒரு தடவை தவறவிடும். தவறவிட்டால் மறுபடி எழும்பாமல் இலைக்கே திரும்பி உட்கார்ந்துவிடும். இதே தொட்டியில் ஒரு கப்பி மீன் இருந்தால் இந்த நேரத்தில் மேகத்தையே காலி செய்திருக்கும். அதனால் வேறு மீன் எதையும் கூடப் போடாதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. தனித் தொட்டி. சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, தரைப்பரப்பு அதிகமாக இருக்கட்டும். உயரம் இவற்றுக்கு வீண்.

இரண்டு மூன்று மட்டும் வாங்கினால் பலசாலி ஒன்று மற்றவற்றை மூலையில் முடக்கிவிடும். எட்டுப் பத்து இருந்தால் அதட்டல் பலர் மேல் பிரிந்துபோகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு இலை, ஒரு சங்கு, ஒரு குழாய்த் துண்டு என்று ஒளிந்துகொள்ள இடம் கொடுத்து, ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாதபடி வைத்தால் சண்டை இன்னும் குறையும். சண்டையும் பெரும்பாலும் துடுப்பை விரித்துக் காட்டி, வாயைத் திறந்து மிரட்டுவதோடு முடிந்துவிடும்.

இனப்பெருக்கத்தில் இவை கோபிக் குடும்ப வழக்கப்படிதான். ஆண் ஒரு பொந்தைப் பிடிக்கும். ஜோடி சேரும் நாட்களில் ஆணின் கறுப்புப் பட்டைகள் மங்கி, உடம்பில் ஒரு ஆரஞ்சுச் சாயல் ஏறும். பெண்ணுக்கு வயிறு உப்பி மஞ்சள் இன்னும் பளிச்சென்று ஆகும். பாலினம் பிரிப்பதற்கு இதைவிட நம்பகமானது குதத்துக்குப் பின்னால் இருக்கும் சிறு காம்பு: ஆணுக்கு ஒல்லியாகக் கூர்ந்திருக்கும், பெண்ணுக்கு மழுங்கி அகன்றிருக்கும். பொந்தின் கூரையில் பெண் ஒட்டும் முட்டைகள் நூறுக்கு மேல்கூட இருக்கலாம். ஒட்டிவிட்டுப் பெண் போய்விடும், அதன்பின் எல்லாம் அப்பா பொறுப்பு. துடுப்பால் விசிறித் தண்ணீர் ஓட்டம் கொடுப்பது, பூஞ்சை பிடித்த முட்டையைப் பொறுக்குவது, எட்டிப் பார்க்கும் மற்றவர்களை விரட்டுவது. சங்கின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் கூரையிலிருந்து முட்டைகள் சிறு காம்பில் தொங்குவதும், சில நாள் கழித்து ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஜோடிக் கறுப்புக் கண் வந்திருப்பதும் தெரியும். ஒரு வாரத்தை ஒட்டிக் குஞ்சுகள் வெளிவரும்.

குஞ்சு பொரிந்ததும் மறுபடி உப்பு வழக்கு தலைதூக்குகிறது. குஞ்சுகள் தரையில் இருப்பதில்லை, முதலில் தண்ணீரில் மிதந்து திரியும், வளர்ந்தபிறகுதான் தரைக்கு இறங்கும். கழிமுகத்தில் இதன் அர்த்தம், ஆறும் ஓதமும் இழுத்த பக்கமெல்லாம் குஞ்சு போகிறது என்பது. உப்பு அதிகமான பக்கமும் போகலாம், குறைந்த பக்கமும் போகலாம். தொட்டியில் முதல் தடை வாயளவு. ஆர்ட்டீமியாக் குஞ்சே அவற்றுக்குப் பெரிது. ரோட்டிஃபர் மாதிரி இன்னும் பொடியான உயிரினம் வேண்டும். லேசான உப்பில் சில வகை ரோட்டிஃபர்கள் சாகாமல் தொட்டியிலேயே நீந்திக்கொண்டிருக்கும், ஆர்ட்டீமியாவும் நல்ல தண்ணீரைவிட அதிக நேரம் உயிரோடிருக்கும். குஞ்சு பிழைப்பதற்கு உப்பு காரணமென்று சொல்பவர்கள், அந்த உப்பு குஞ்சுக்கு உதவியதா அதன் சாப்பாட்டுக்கு உதவியதா என்பதையும் பார்க்க வேண்டும்.

சரி, கடைசியில் நீ என்னதான் செய்கிறாய் என்று கேட்பீர்கள். மீன் எந்தத் தண்ணீரில் விற்கப்பட்டதோ அந்தத் தண்ணீரை முதலில் அளந்துகொள்கிறேன்: கடத்துதிறன் (கரைந்த உப்புகள் எவ்வளவு என்று காட்டுவது), பிஎச், கடினத்தன்மை. முதல் சில வாரங்களுக்கு என் தொட்டியும் அதே எண்களில். அதற்குள் படம் எடுத்துச் செதில் எண்ணிவிடுவேன். டோரியே என்று தெரிந்தால் கடினத்தன்மையைக் கொஞ்சம் ஏற்றி, மரைன் சால்ட் லிட்டருக்கு 2 கிராமிலிருந்து 5 கிராம் வரை மெல்ல மெல்லக் கொண்டுபோவேன். ஒரே நாளில் இல்லை, தண்ணீர் மாற்றும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, ஸ்பாஞ்ச் ஃபில்டரில் தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் பாக்டீரியாவுக்கும் பழக நேரம் வேண்டுமே. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும் என்பதால் குறைந்ததை நிரப்ப உப்பில்லாத தண்ணீர்தான். நிறைய பேர் இதில்தான் எண் ஏறிப்போய் முழிக்கிறார்கள். பழுப்புத் தண்ணீர் இனம் என்று சந்தேகம் வந்தால் உப்பு டப்பாவைத் தொடவே மாட்டேன், காய்ந்த இலைகளை அதிகம் போடுவதோடு சரி.

இப்போது தொட்டியில் இருக்கும் கூட்டம் முழுக்க டோரியேதான் என்று படங்கள் சொல்கின்றன. லிட்டருக்கு 4 கிராமில் இருக்கிறார்கள். ஆண்களில் இரண்டு பேர் ஒரே சங்குக்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். சண்டையைத் தீர்க்கலாமே என்று அதே அளவில் இன்னொரு சங்கைப் பக்கத்திலேயே வைத்தேன். அதை ஒருவரும் சீந்தவில்லை.